பசுமைக்குடிலில் குடைமிளகாய்ப் பூ கொட்டுவது ஏன்?

பங்குனி, சித்திரையில் கொங்கு நாட்டுப் பசுமைக்குடில்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். குடைமிளகாய்ச் செடி பச்சைப்பசேலென்று நிற்கும். கணுவுக்குக் கணு பூ வைத்திருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியெல்லாம் பூவாகக் கொட்டிக் கிடக்கும். இலையில் புள்ளி இல்லை, வேரில் அழுகல் இல்லை. என்னவோ நோய் என்று நினைத்து ஏதாவது ஒரு மருந்தை வாங்கி அடிப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் அங்கே நோயே இருப்பதில்லை. இந்தப் பூவைக் காயாக்கித் தன்னால் வளர்க்க முடியாது என்று கண்டு, செடியே அதைக் கழற்றிவிடுகிறது.

பூங்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. பூவிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் காம்பு வழியாகத் தொடர்ந்து இறங்கிவரும் வரை அந்த அடுக்கு உறுதியாக இருக்கும். ஆக்சின் வரத்து குறைந்ததும் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்குகிறது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நொதிகள் கரைக்கத் தொடங்குகின்றன. அதன்பின் லேசாகச் செடியைத் தொட்டாலே பூ விழும். மகரந்தம் சேர்ந்து, சூல் கருவுற்று, விதைகள் உருவாகத் தொடங்கினால்தான் பிஞ்சுக்கு ஆக்சின் போதுமான அளவு கிடைக்கும். ஆகவே பூ நிற்பதும் விழுவதும் முதலில் மகரந்தத்தைப் பொறுத்தது.

இங்கேதான் பலர் கணக்கு தவறுகிறது. மகரந்தம் பூ விரியும் அன்று உருவாவதில்லை. பூ விரிவதற்குச் சுமார் 2 வாரம் முன்பே, மொட்டு 2, 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போதே, அதற்கான செல்பிரிவு நடந்துவிடுகிறது. வெப்பம் 32, 33 டிகிரியைத் தாண்டி நீடித்தால் அந்தக் கட்டத்திலேயே மகரந்தம் பழுதாகிறது. மாவுச்சத்து சேராமல் சுருங்கிப்போகிறது. இன்று கொட்டும் பூவுக்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய வெயிலும் காரணமாக இருக்கலாம். இன்று அடிக்கும் மருந்து அந்த மகரந்தத்தை உயிர்ப்பிக்காது.

பகல் வெப்பத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரவு வெப்பத்தைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், கோவை, ஈரோடு, கரூர்ச் சமவெளியில் குடைமிளகாய்க்குப் பெரிய தலைவலி இரவுதான். இந்தச் செடிக்கு இரவில் 16 முதல் 20 டிகிரி இருந்தால் சுகம். 24க்கு மேல் போனால் பூ கொட்டுவது கூடுகிறது. பகலில் இலை சம்பாதித்த சர்க்கரையை வெக்கையான இரவில் செடி சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது. மிச்சம் இருப்பதைக் காய்களும் வளரும் நுனியும் இழுத்துக்கொள்ளும். கடைசிப் பந்தியில் உட்காரும் பூவுக்கு இலையில் ஒன்றும் விழாது. தாளவாடி மலையில் இதே ரகம் நன்றாகப் பிடிப்பதற்கும் கீழே சமவெளியில் திணறுவதற்கும் இந்த இரவுக் குளிர்ச்சி ஒரு முக்கியக் காரணம். அளவுக்கு மீறிய குளிரும் ஆகாது. இரவு 15 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் கெட்டு, விதையில்லாத சப்பைக் காய்கள் வரும்.

எனவே கோடையில் சாயங்காலம் பக்கத் திரைகளை இறக்கி மூடுவதை விட்டுவிடுங்கள். பகல் முழுக்கச் சூடேறிய மண் இரவில் அந்தச் சூட்டை வெளியே விடும். அது மேல் திறப்பு வழியாகப் போகவேண்டும். பூச்சி வலையில் தூசி அடைத்துக்கொண்டாலும் காற்றோட்டம் பாதியாகிவிடும். வலையைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவது செலவில்லாத வேலை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

பகல் சூட்டுக்கு, தண்ணீரைப் பனிப்புகைபோலத் தூவும் ஃபாகர் நல்ல கருவி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் நம் பகுதியின் கோடைக் காற்று வறண்டது. அதனால் தண்ணீர் வேகமாக ஆவியாகி நன்றாகக் குளிரும். அதே ஃபாகரை ஐப்பசி அடைமழையில் ஓட்டினால் குளிர்ச்சி வராது, ஈரம்தான் ஏறும். ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, மகரந்தம் கட்டிக்கொள்ளும். 50க்குக் கீழே போனால் சூல்முடி காய்ந்துவிடும். ஒரு ஈரப்பதமானியைச் செடி மட்டத்தில் தொங்கவிட்டுப் பார்த்து ஓட்டுவதே சரி.

நிழல்வலையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வெயிலுக்குப் பயந்து அடர்த்தியான வலையை நாள் முழுக்க விரித்தால் சூடு குறையும்; கூடவே ஒளிச்சேர்க்கையும் குறையும். பூ கொட்டுவதற்கு வெளிச்சக் குறைவும் பெரிய காரணம். இழுத்து விரிக்கும் வலையாக இருந்தால் காலை 11 மணியிலிருந்து 3 மணி வரை மட்டும் மூடலாம். மேகமூட்டமான நாளில் சுருட்டி வைத்துவிட வேண்டும்.

குடைமிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்பு இரண்டும் உண்டு. தன் மகரந்தத்திலேயே காய்க்கும். வெளியே காற்று ஆட்டிவிடும். உள்ளே அந்த வேலையை நாம் செய்யவேண்டும். ஈரம் உலர்ந்த காலை 10 மணி வாக்கில், செடி கட்டியிருக்கும் மேல் கம்பியை மெல்லத் தட்டிவிட்டால் போதும். கொசுத்தேனீப் பெட்டி வைத்தால் இன்னும் நல்லது, காய் வடிவமாக வரும். ஆனால் பூச்சிமருந்து அடிக்கும் நாட்களில் பெட்டியை அகற்றியாக வேண்டும்.

செடியில் ஏற்கெனவே காய் நிறைய இருக்கும்போது புதுப்பூ கொட்டுவது இயல்பு. முற்றிய காயை நாள் கடத்தாமல் பறித்தால் அடுத்த பூ நிற்கும். முதல் கவட்டையில் வரும் பூவைக் கிள்ளிவிடுவதும் இதற்காகத்தான்: செடி உடம்பு வைக்குமுன் காயைச் சுமக்கக்கூடாது.

தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழுக்கும், பூ நிற்காது. பூவுக்குள் இலைப்பேன் இருக்கிறதா என்று வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் உள்ள ஊர்களில் தண்ணீரைப் பரிசோதிக்காமல் நடவே வேண்டாம். உப்பின் அளவைக் காட்டும் மண் கரைசலின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே குடைமிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்கும். சொட்டுநீரையும் ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் விடாமல், சிறுகச் சிறுகப் பிரித்து விடவேண்டும்.

மிளகாய்க்குப் பரிந்துரைக்கப்படும் நாப்தலீன் அசிட்டிக் அமிலம் என்ற ஊக்கி ஆக்சின் வகையைச் சேர்ந்தது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் தெளித்தால், காம்பிலுள்ள அந்த அடுக்கு பிரிவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அதற்குள் இரவுக் காற்றோட்டமும் வெளிச்சமும் தண்ணீரும் சரியாகியிருந்தால் பூ பிஞ்சாகும். இல்லாவிட்டால் சில நாள் கழித்து அதே பூ அதே பாத்தியில் விழும். அளவைக் கூட்டி அடித்தால் இலை சுருண்டு, செடி முடங்கிவிடும்.