திரையில் நான்கு கட்டம், பேட்டரியில் ஒன்றுமில்லை

நீண்ட வார இறுதி முடிந்த மறுநாளே என் பட்டறை வாசலில், முகாமுக்குக் கொண்டுபோய் சோலார் பேனலில் ஏற்றும் பேட்டரிகள் வந்து இறங்கிவிடும். சென்ற முறை வந்தவர் கொஞ்சம் கோபமாகவே இருந்தார். "அண்ணே, போலிச் சரக்கை விற்றுவிட்டார்கள். சாயங்காலம் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலரின் திரையில் நான்கு கட்டமும் நிறைந்திருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுவிட்டது" என்றார்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில், மாமாம் கடற்கரையில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அவருடைய அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் (CPAP) இயந்திரம் இரவெல்லாம் ஓட வேண்டும். இயந்திரம் நின்று பெரியவர் திணறி எழுந்தபோதுதான் மற்றவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் கோழி கெட்டுப்போனது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இதில் என்னால் சிரிக்க முடியவில்லை.

பேட்டரியைச் சோதித்தேன். போலியுமில்லை, பழுதுமில்லை. காலியாகியிருந்தது, அவ்வளவுதான்.

தயவுசெய்து இதை ஒருமுறையாவது காதில் போட்டுக்கொள்ளுங்கள்: அந்த நான்கு கட்டமும் பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தின் அளவு அல்ல. முனைகளில் அந்த நொடி இருக்கும் வோல்ட்டைப் பார்த்து கன்ட்ரோலர் சொல்லும் உத்தேசம். வெயில் அடிக்கும்போது பேனல் முனைகளை 14 வோல்ட்டுக்கு மேலே தூக்கி நிறுத்தியிருக்கும். பாதி காலியான பேட்டரிகூட அப்போது நிறைந்ததாகத்தான் தெரியும். மேகம் மறைத்தால் இறங்கும். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் இன்னும் இறங்கும். எல்லாவற்றையும் கழற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், ஈய அமில பேட்டரியாவது ஓரளவு உண்மை பேசும்: 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியிடம் இந்த வித்தையும் பலிக்காது. அது 80 விழுக்காட்டில் காட்டும் வோல்ட்டுக்கும் 30 விழுக்காட்டில் காட்டுவதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 0.3 வோல்ட்தான். சந்தையில் கிடைக்கும் மலிவு மீட்டரின் பிழையே சில சமயம் அவ்வளவு இருக்கும். கடைசியில் வோல்ட் மளமளவென்று சரியும், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். மேற்சொன்னவரின் பேட்டரி லித்தியம், கன்ட்ரோலரோ ஈய அமில அமைப்பிலேயே இருந்தது. அந்தக் கணக்கில் 13 வோல்ட் என்றால் முழு நிறைவு. லித்தியத்திலோ 13 என்பது ஏறக்குறைய 30 விழுக்காடு. வாங்கியவர் அமைப்பை மாற்றவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

வழி ஒன்றுதான். உள்ளே போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் வரவு செலவு போல எண்ண வேண்டும். அதற்குத்தான் ஷன்ட் (தன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்க உதவும் உலோகத் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் இருக்கிறது. மாட்டினால் மட்டும் போதாது. அண்மையில் ஒரு பெட்டியைத் திறந்தேன். புத்தம்புதிய ஷன்ட், ஆனால் இன்வெர்ட்டரின் (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தடித்த கறுப்புக் கம்பி அதைத் தொடாமல் நேரே பேட்டரியின் எதிர்முனையில் (மைனஸ்) முறுக்கப்பட்டிருந்தது. ஷன்ட் போல்ட்டில் இரண்டு லக் (கம்பி முனை வளையம்) உட்காரவில்லையாம்! அதிகம் இழுக்கும் கருவி கணக்கிலேயே வரவில்லை. மானிட்டரோடு இணைத்த கைப்பேசித் திரை 96 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்க, பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரியின் எதிர்முனையில் ஷன்ட்டுக்குப் போகும் கம்பி தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. பேட்டரியின் கொள்ளளவைச் சரியாகப் பதியுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டுச் சுவர் மின்சாரத்தில் முழுமையாக ஏற்றி, 100இலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் எண் மெல்ல நழுவும்.

பேனல் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 100 வாட் பேனல் நம் ஊர் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 300 வாட்-மணி தந்தாலே பெரிது. ஃபிரிட்ஜ் ஒன்றே அதைக் குடித்துவிடும். மர நிழலில் விரித்தால் அதுவும் கிடைக்காது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் வடகிழக்குப் பருவமழை வேறு.

சிபாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதற்குத் தனி பேட்டரி வையுங்கள். அதில் விளக்கு, கைப்பேசி எதையும் சொருகாதீர்கள். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல், தயாரிப்பாளரின் நேர்மின்சார (DC) கம்பியில் ஓட்டினால் வீணாவது குறையும். ஈரப்பதமூட்டிதான் அதிகம் இழுக்கும். அதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொழுது சாயும்போது மானிட்டர் காட்டும் விழுக்காட்டைப் பாருங்கள். 50க்குக் கீழே என்றால் ஃபிரிட்ஜை அப்போதே அணையுங்கள், நள்ளிரவில் அல்ல. பேட்டரியை மூடிய காரிலோ வெயில் காயும் கூடாரத்திலோ வைக்காதீர்கள். நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்து பார்க்கும் ஆராய்ச்சி வேண்டாம். பூங்காக் கழிப்பறைச் சுவரில் பிளக் தேடி அலைகிறவர்களே, பொது மின்சாரத்தை அனுமதியின்றி எடுப்பது இங்கே குற்றம். அபராதம் கட்டிவிட்டு என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.