மயக்க மருந்து எதையெல்லாம் அணைக்கிறது

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பெரும்பாலான புரை அறுவைகள் ஆளை மயக்காமலேயே நடக்கின்றன. கண் மட்டும் மரத்திருக்கும். "தலையை அசைக்காதீங்கய்யா" என்று டாக்டர் சொன்னால் படுத்திருப்பவர் "சரிங்க" என்பார். வெளிச்சமும் நிறங்களும் நகர்வதைக்கூடப் பலர் பார்க்கிறார்கள். குடல்வால் அறுவைக்கு முழு மயக்கத்தில் படுத்தவருக்கோ வயிற்றைத் திறந்ததும் தெரியாது, தைத்ததும் தெரியாது.

முழு மயக்கம் என்றால் மூளையில் ஒரே ஒரு சுவிட்சை அணைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. வலி, அசைவு, ஞாபகம், சுயநினைவு நான்கும் தனித்தனியாக அணைகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு, அளவும் வேறு. மனம் உடம்பில் எப்படி நிற்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் அறுவை அரங்கைத் தவிர வேறில்லை.

முதுகில் போடும் ஊசியிலிருந்து தொடங்கலாம். தண்டுவடம் இடுப்புப் பகுதியிலுள்ள முதுகெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்புக்கருகே முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே ஊசியை இறக்கி, தண்டுவட நீரில் 0.5 விழுக்காடு புபிவக்கேன் என்ற மரப்பு மருந்தை 2 முதல் 3 மில்லி செலுத்துகிறார்கள். முதலில் பாதம் கதகதக்கும். குளிர்ச்சியும் வலியும் போகும், பிறகு தொடு உணர்வும் அசைவும் போகும். ஸ்பிரிட் பஞ்சை வயிற்றிலிருந்து மேல்நோக்கி வைத்து "சில்லுன்னு இருக்காம்மா?" என்று கேட்பது மரப்பு எங்கே நிற்கிறது என்று அறியத்தான். சிசேரியனுக்கு அது மார்புக்காம்பின் மட்டம்வரை ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தாலும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். வலி தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துப் பொறுக்கக் கூடாது.

இந்த ஊசி மூளையைத் தொடுவதில்லை. ஆனாலும் இரண்டு விளைவுகள் மனத்தில் தெரிகின்றன. நீட்டிக் கிடக்கும் கால்கள் இன்னும் மடங்கியே இருப்பதாகச் சிலர் உணர்கிறார்கள். காலிலிருந்து புதுச் செய்தி வராததால், கடைசியாகத் தெரிந்த நிலையையே மூளை பிடித்து வைத்திருக்கிறது. இன்னொன்று, தூக்க மருந்து கொடுக்காமலேயே கண் சொக்குவது. பாதி உடம்பிலிருந்து வரும் சேதி நின்றதும் மூளையின் விழிப்பே தணிகிறது. விழித்திருப்பதற்கு மூளைக்கு உடம்பின் ஓயாத சேதி எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

முழு மயக்கத்தில் முதலில் ஏறுவது பெரும்பாலும் புரோபோபால். சோயா எண்ணெயில் கலந்திருப்பதால் பால்போல் வெளுத்திருக்கும். நரம்பில் ஏறும்போது கை எரியும். கிலோ எடைக்குச் சுமார் 2 மில்லிகிராம் கணக்கு, ஆக 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம்; ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருப்பதால் அது 12 மில்லி. முதியவர்களுக்கு இதைவிடக் குறைவு. அரை நிமிடத்தைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். மூளைச் செல்களை அடக்கும் காபா ஏற்பிகளை இது வலுப்படுத்துகிறது. செல்கள் செத்த மாதிரி அடங்கிவிடுவதில்லை. மூளையின் முன்பகுதியில் வினாடிக்கு 8 முதல் 12 வரையான சீரான அலைகள் எழுகின்றன. சித்திரைத் தேர் வடத்தில் எல்லோரும் ஒரே குரல் எழுப்பும்போது பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாதல்லவா, அதுபோல மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போகின்றன.

ஒரே ஊசியில் ஏறிய புரோபோபால் தசைக்கும் கொழுப்புக்கும் பரவி, ஐந்து பத்து நிமிடத்தில் வலு குன்றும். அதனால் சீவோபுளூரேன் போன்ற வாயுவைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். கத்தி பட்டதும் பாதிப் பேர் அசையாமலிருக்க மூச்சில் சுமார் 2 விழுக்காடு தேவை. சுயநினைவு போக அதில் மூன்றிலொரு பங்கு போதும். புது ஞாபகம் பதிவது அதற்கும் முன்பே நின்றுவிடும். அசைவை நிறுத்தத்தான் அதிகம் தேவைப்படுகிறது, ஏனென்றால் அது முக்கியமாகத் தண்டுவடத்தின் வேலை. 1993-இல் ஆடுகளில் வாயு மருந்தை மூளைக்கு மட்டும் போகும்படி செய்து பார்த்தபோது, அசைவை நிறுத்த வழக்கமானதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்பட்டது.

தசைகளைத் தளர்த்தும் மருந்து தனி. அது மூளைக்குள் ஒன்றும் செய்வதில்லை. 1947-இல் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் தம் உடலிலேயே குராரே என்ற தசைத் தளர்வு மருந்தை ஏற்றிக்கொண்டு இதைக் காட்டினார். ஒரு தசையும் அசையவில்லை, மூச்சுக்கூட மற்றவர்கள் கொடுத்ததுதான். ஆனால் எல்லாம் கேட்டது, எல்லாம் வலித்தது.

ஆபத்தும் இங்கேதான். புரோபோபால் குன்றி, வாயு போதிய அளவு ஏறாத இடைவெளியில், நரம்பில் போட்ட ஊசி நழுவியிருந்தால், அல்லது ரத்தப்போக்கால் மருந்தைக் குறைக்க வேண்டியிருந்தால், ஆள் விழித்துக்கொள்ளலாம். தசைத் தளர்வு அதை மறைத்துவிடும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. விழிப்பு நேர்ந்ததாகத் தாமாகச் சொன்னவர்கள் சுமார் 19,000 மயக்கத்துக்கு ஒருவர். தளர்வு மருந்து கொடுத்தவர்களில் 8,000-க்கு ஒருவர், கொடுக்காதவர்களில் 1,36,000-க்கு ஒருவர்.

ஆனால் இது ஞாபகம் இருந்தவர்களின் கணக்குதான். தளர்வு மருந்து ஏறுமுன் ஒரு கையின் ரத்தவோட்டத்தைப் பட்டையால் நிறுத்திவிட்டால் அந்தக் கை மட்டும் தளராது. பிறகு "என் கையை அமுக்குங்கள்" என்று கேட்கலாம். 2017-இல் வெளியான ஆய்வில் 260 பேரில் 12 பேர், மூச்சுக்கான குழாயைப் பொருத்திய பின் கேட்டபோது அமுக்கினார்கள். 5 பேர் வலிப்பதாகவும் கையாலேயே தெரிவித்தார்கள். இப்படி அமுக்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு எழுந்த பிறகு எதுவும் ஞாபகமிருப்பதில்லை. ஞாபகம் இல்லாததால் அந்த வலி நடக்கவேயில்லை என்று சொல்லிவிட என்னால் முடியாது.

நோயாளியின் வீட்டார் செய்யக்கூடியது இரண்டு. தினமும் குடிப்பவர் அதை மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மருந்தின் அளவே மாறும். மனைவி, மாமனார் பக்கத்திலிருந்தால் வாய் திறக்காதவர்கள் உண்டு. தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்தது வெறும் வயிறு. மயக்கத்தில் இருமலும் விழுங்குதலும் நின்றுவிடுவதால் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகக்கூடும். பொதுவான கணக்கு: தண்ணீருக்கு 2 மணி நேரம், லேசான உணவுக்கு 6, புரோட்டா சால்னா போன்ற எண்ணெய் உணவுக்கு 8. பால் டீயும் ஜிகர்தண்டாவும் தண்ணீர்க் கணக்கில் வராது, அவற்றுக்கும் 6 மணி நேரம். மருத்துவமனை இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

திரும்பி வருவதும் படிப்படியாகத்தான்: மூச்சு, இருமல், முகச்சுளிப்பு, கண் திறப்பது, பிறகுதான் சொன்னதைச் செய்வது. முதியவர்களில் சிலருக்கு முதல் மூன்று நாட்களுக்குள் குழப்பம் வரும். பகலில் தெளிவாயிருப்பவர் இரவில் ஆளை மாற்றிச் சொல்வார், ஊசிக் குழாயைப் பிடுங்குவார். பேய் பிடித்ததென்று வேப்பிலை தேட வேண்டாம், தூக்க மாத்திரையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். நர்ஸிடம் சொல்லுங்கள். கழற்றி வைத்த கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலிருந்து, இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்கட்டும்.