கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

சிவில் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் முதலில் கேப்பர் மலைக்குத்தான் கூட்டிப் போகிறேன். கடலூர்க்காரர்கள் தினமும் பார்க்கிற செம்மேடுதான். போன மே மாதம் வெட்டுச் சரிவு ஒன்றைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த மாணவி, "நல்லா கெட்டியா இருக்கு சார், தாராளமா அஸ்திவாரம் போடலாம்" என்றாள். கையளவு கட்டியை உடைத்து, டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி அதில் வைக்கச் சொன்னேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. ஓரங்கள் உதிர்ந்தன. சிறிது நேரத்தில் கட்டியே இல்லை. சிவப்புச் சேறும் மணலும்தான் மிச்சம். எல்லோரும் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதுதான் கடலூர் மணற்கல். மணலை இரும்புத் துரு இறுக்கிய இடத்தில் அது உண்மையிலேயே பாறை. களிமண் மட்டும் பிடித்திருக்கும் இடத்தில், காய்ந்திருக்கும் வரைக்கும்தான் பாறை. ஒரே சரிவில் இரண்டையும் பார்க்கலாம். ஆய்வகத்தில் எண் ஒட்டி வைத்த கல் இதைச் சொல்லாது. கல்லைப் பார்க்காமல் எண்ணை மனப்பாடம் செய்தே பிராக்டிகலில் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

மண் பரிசோதனையில் துளைக்குள் இறக்கிய குழாயின் மேல் 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிடுகிறோம். குழாயின் முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதே கணக்கு; எண் கூடினால் மண் கெட்டி. காய்ந்த களிமணலில் அந்த எண் ஏறித்தான் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோடையில் எடுத்த எண்ணை நம்பி ஒரு வீட்டுக்கு அஸ்திவார ஆழத்தைக் குறைத்துச் சொன்னேன். அந்தக் கார்த்திகையிலேயே சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். வீட்டுக்கார அம்மா அதில் விரலை வைத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. வீடு கட்டுகிறவர்களே, மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எந்த மாதம் துளை போட்டார்கள், நீர்மட்டம் எவ்வளவு என்று கேளுங்கள்.

அடுத்த பயிற்சி புதுச்சேரித் துறைமுகம். 1980களில் கட்டிய அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தாலே வருடத்தின் பெரும்பகுதி மணல் எந்தத் திசையில் நகர்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: மழை பெய்த மறுநாள் வெட்டுச் சரிவின் அடியில் மாணவர்களை நிறுத்தவே கூடாது. மழை ஓய்ந்து ஒரு வாரம் கழித்து, மே மாதப் படங்களோடு அதே சரிவுக்கு மீண்டும் போகிறோம்.