மூக்கணாங்கயிற்றை உருவும் கால்சியம்

தைப் பொங்கலன்று அவனியாபுரம் வாடிவாசலைப் பார்த்தவர்களுக்கு, மூளையின் நரம்பணு முனையில் நடப்பதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். காளை வாசலுக்கு வந்துவிட்டது, திமிறுகிறது. ஆனாலும் மூக்கணாங்கயிற்றை உருவும்வரை களத்துக்குள் பாயாது. நரம்பணுவில் அந்தக் கயிற்றை உருவுகிற ஆள் கால்சியம்.

மின்துடிப்பு ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்கு அப்படியே தாவிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். பெரும்பாலான சினாப்ஸ்களில் அது முனையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. அதைக் கடப்பவை குளுட்டமேட் போன்ற நரம்பியக்கடத்திகள், அதாவது செய்தியைச் சுமக்கும் வேதிப்பொருள்கள். அவை ஏறக்குறைய 40 நானோமீட்டர் விட்டமுள்ள குட்டிப் பைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. சில பைகள் சவ்வை ஒட்டித் தயாராக நிற்கும், மற்றவை பின்னால் காத்திருக்கும். இந்த இடத்தில் மின்துடிப்பின் வேலை, முனையின் சவ்விலுள்ள கால்சியம் கால்வாய்களை, அதாவது கால்சியம் நுழையும் நுண்வாசல்களை, திறந்துவிடுவது மட்டும்தான்.

திறந்ததும் கால்சியம் ஏன் உள்ளே பாய்கிறது? செல்லுக்கு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உள்ளே இருக்கிறது. செல் ஆற்றலைச் செலவழித்து, நுழைகிற கால்சியத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே சேரவிட்டால் பாஸ்பேட்டோடு கூடிப் படிந்துவிடும். ஆற்றலுக்குப் பாஸ்பேட்டை நம்பியிருக்கும் செல்லுக்கு அது ஆகாது. இந்த வறட்சிதான் இங்கே பெரிய வசதி. கொஞ்சம் நுழைந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். கால்வாயின் வாயருகே, சில பத்து நானோமீட்டர் தூரத்துக்குள், கால்சியத்தின் செறிவு நூறு மடங்குக்கும் மேல் எகிறுகிறது. சற்றுத் தள்ளிப் போனால் அந்த வேகம் இல்லை. அதனால் பை கால்வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பது மிக முக்கியம்.

பையின் மேல் சினாப்டோடாக்மின் என்ற புரதம் இருக்கிறது. கால்சியம் அதில் ஒட்டியதும், ஏற்கெனவே பாதி முறுக்கேறி நிற்கும் வேறு சில புரதங்கள் பையின் சவ்வையும் நரம்பணுவின் சவ்வையும் இழுத்து ஒன்றாக்கிவிடும். பை திறந்து உள்ளிருப்பது கொட்டும். கால்சியம் நுழைந்ததிலிருந்து இதற்கெல்லாம் ஆகும் நேரம் மில்லிவிநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான்! இந்தப் புரதத்தின் வேலையைத் துலக்கிய தாமஸ் சூடாஃப் 2013இல் நோபல் பரிசு பெற்றார்.

கால்சியத்தின் பங்கைக் காட்டிய பழைய சோதனைகள் தவளையின் நரம்பும் தசையும் சேருமிடத்தில் நடந்தவை. 1967இல் ஆய்வாளர்கள் பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலேடியும் நுண்குழாய் வழியாகக் கால்சியத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். மின்துடிப்புக்குச் சற்று முன்னால் கொடுத்தால் வேதிப்பொருள் வெளியேறியது. பின்னால் கொடுத்தால் பலனில்லை. அதே ஆண்டில் டாட்ஜ், ரஹமிமோஃப் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் கண்டது இன்னும் சுவாரசியமானது. குறைந்த அளவுகளில் கால்சியத்தை இரட்டிப்பாக்கினால், வெளியேற்றம் ஏறத்தாழ பதினாறு மடங்கு வரை கூடியது. ஒற்றை அயனியால் ஆகிற காரியமில்லை, சில அயனிகள் கூடி வரவேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

சரி, கால்சியம் வந்தால் பை கட்டாயம் திறந்துவிடுமா? மூளையின் சின்னச் சினாப்ஸ்கள் பலவற்றில் மின்துடிப்பு வந்தும் பல நேரம் ஒரு பைகூடத் திறப்பதில்லை. கயிறு உருவிய பிறகும் வாசலிலேயே நின்று முறைக்கிற காளை உண்டல்லவா? ஆனால் சில பத்து மில்லிவிநாடிக்குள் அடுத்த துடிப்பு வந்தால், முதல் தடவை வந்ததில் மிஞ்சிய கால்சியமும் துணை சேர்ந்து வாய்ப்பைக் கூட்டும். சினாப்ஸின் குறுகிய கால நினைவு என்றே இதைச் சொல்லலாம்.

உடனே ஞாபகசக்திக்குக் கால்சியம் மாத்திரை வாங்கக் கிளம்ப வேண்டாம். ரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடம்பே இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

மருந்துக்கடையில் இந்த விஷயத்தோடு நேரடித் தொடர்புள்ள மாத்திரை வேறொன்று. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று போகிறவர்களுக்கு மருத்துவர்கள் பல நேரம் எழுதித்தரும் பிரிகாபலின்தான் அது. கால்சியம் கால்வாயோடு சேர்ந்திருக்கும் ஒரு துணைப் புரதத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. முனைக்கு வந்துசேரும் கால்வாய்கள் குறைகின்றன. அப்புறம், தண்டுவடத்தில் வலியைக் கடத்தும் நரம்புகள் கொட்டுகிற குளுட்டமேட்டும் குறைகிறது. பாதத்தில் கெட்டுப்போன நரம்பு அப்படியேதான் இருக்கும், எரிச்சல் மட்டும் தணியும். அதே துணைப் புரதம் மூளையிலும் இருப்பதால் தலைசுற்றல், தூக்கக் கலக்கம் எல்லாம் கூடவே வரும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். நிறுத்துவதும் மருத்துவர் சொல்கிறபடி மெல்ல மெல்லத்தான்.