அரிய வகை நோய்க்கு 50 லட்சம்: மனுவோடு எங்கே போவது?

பிள்ளைக்கு வயிறு உப்பிக்கொண்டே போகும். ரத்தம் குறையும், மூக்கில் ரத்தம் வடியும். பூச்சி மருந்து, சத்து டானிக், காமாலைக்கு நாட்டு மருந்து என்று ஒரு வருடம் ஓடிவிடும். மண்ணீரல் வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்த பிறகும் கோஷே நோய் பலருக்கு நினைவில் வராது. ஒரு என்சைம் குறைவதால் வரும் மரபணு நோய் இது. ரத்தத்தில் அந்த என்சைமை அளந்தால் தெரிந்துவிடும். காரணம் சொல்லாமல் மண்ணீரலை எடுக்கச் சொன்னால், முதலில் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும். தாயை மட்டும் பழிக்கும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மருந்து இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்ற வேண்டும், ஆயுளுக்கும். சம்பளக்காரக் குடும்பம் தாங்கும் விலை இல்லை. அதற்குத்தான் மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கை. அதன்படி சிகிச்சைக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு.

என்னோடு வந்த ஒரு தகப்பனார் இந்த உதவி கேட்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தார். அங்கிருந்து காப்பீட்டு அட்டை கவுன்டருக்கு அனுப்பினார்கள். அங்கே “லிஸ்ட்டில் இல்லை” என்றார்கள். மறுபடி மனு. மூன்று மாதம் போனது. எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி சொல்ல ஆளில்லை.

போக வேண்டிய இடம், மத்திய அரசு அறிவித்த சிறப்பு மையம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. பெங்களூரு, திருவனந்தபுரத்திலும் மையங்கள் உண்டு. கலெக்டர் ஆபீஸ் மனு இதற்கு உதவாது. பிள்ளையை அங்கே பதிவு செய்து, மருத்துவர் குழு பார்த்து, அந்த மையம்தான் டெல்லிக்கு எழுதும். பணமும் மையத்துக்குத்தான் வரும். “உங்கள் கணக்கில் போட்டுத் தருகிறேன்” என்று கமிஷன் கேட்பவர் ஏமாற்றுகிறார். கடன் வாங்கி முதலில் மருந்து வாங்கிவிட்டு, பில்லைக் காட்டிப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றும் இறங்காதீர்கள்.

“உங்கள் நோய்க்குக் கிடையாது” என்ற பதில் இன்னொரு பொறி. கொள்கை அரிய நோய்களை மூன்று பிரிவாகப் பிரிக்கிறது. தொடக்கத்தில் உதவி 20 லட்சம், அதுவும் ஒரே சிகிச்சையில் குணமாகும் முதல் பிரிவுக்கு மட்டும். கோஷே மூன்றாம் பிரிவு. 2022 மே மாதம் விதி மாறி, எல்லாப் பிரிவுக்கும் 50 லட்சம் வரை என்று ஆனது. பழைய தாளை வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. புதிய ஆணையின் நகலைக் கையில் வைத்திருங்கள். மரபணு, என்சைம் அறிக்கைகளின் அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

50 லட்சம் என்பது மாதாமாதம் வரும் உதவி இல்லை, உச்சவரம்பு. மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளரச் செலவு ஏறும். தொகை தீர்ந்ததும் ஊசி நின்றுபோன பிள்ளைகள் இருக்கிறார்கள். எவ்வளவு செலவாகியிருக்கிறது, மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் மையத்தில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பிள்ளைக்கு ஒதுக்கிய பணம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தமாக மருந்து வரவழைத்தால், அந்தக் கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்க வரி இல்லை. ஆனால் மாவட்ட மருத்துவ அதிகாரி அல்லது மாநிலச் சுகாதார இயக்குநரின் சான்றிதழ் வேண்டும். குளிரில் வைக்க வேண்டிய மருந்து அது. பார்சல் விமான நிலையத்தில் வந்து கிடக்கும்போது கையெழுத்துக்கு ஓடாதீர்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சான்றிதழை வாங்கிவிடுங்கள்.