மாத்திரைக்குப் பழகியது உங்கள் உடம்பு இல்லை

போன வாரம் ஒரே நாளில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: "டாக்டர், இந்த மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சு, வேற ஸ்ட்ராங்கா குடுங்க."

மூன்றாவதாக வந்தவர் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த ஒரு ஆன்ட்டி, வயது 56. கைப்பையைத் திறந்து காலி மாத்திரை அட்டைகளை என் மேசைமேல் வரிசையாக வைத்தார். எல்லாமே ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், காளான் (பூஞ்சை) தொற்றுக்கான மாத்திரை. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. சில அவர் வாங்கியவை, சில தங்கச்சி கொடுத்தவை, இரண்டு மருமகளுடையவை. கீழே அரிப்பு வரும்போதெல்லாம் ஒன்று போட்டிருக்கிறார். எட்டு மாதமாக இப்படியே. "ஏன் ஆன்ட்டி முன்னாடியே காட்டலை?" என்று கேட்டேன். "வெக்கமா இருந்துச்சும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் வெட்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த "பழகிப்போச்சு" என்ற பேச்சை இனிமேலும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. உடம்பு பழகுவது தூக்க மாத்திரைக்கு. சில வலி மாத்திரைகளுக்கும் பழகும். ஃப்ளூகோனசோல் அடக்குவது காளானை. பழகினால் அந்தக் காளான்தான் பழகும். இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். உடம்புதான் பழகிவிட்டது என்று நம்புகிறவர் என்னென்ன செய்கிறார், பாருங்கள். வேறு கம்பெனி மாத்திரை வாங்குகிறார், உள்ளே இருப்பது அதே மருந்து. தானாகவே ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறார். மூன்று மாதம் நிறுத்தினால் உடம்பு மறந்துவிடும் என்று காத்திருக்கிறார். அதோடு, "நான் வாழ்க்கையில் ஒரு மாத்திரை போட்டதில்லை, எனக்கு எப்படி வரும்?" என்று தைரியமாக இருக்கிறார். வரும். மருந்துக்கு மசியாத காளான், மருந்தே தொடாதவர் மேலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, இந்தக் காளான் ஈஸ்ட் வகை என்பதால் பிரெட்டையும் இட்லி தோசையையும் நிறுத்திவிட்டு வருகிறார்கள். வேண்டாம், சாப்பிடுங்கள். மாவு புளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த அரிப்பைத் தரும் கேண்டிடா என்பது ஒரே காளானின் பெயர் இல்லை, அது ஒரு குடும்பம். பெரும்பாலான பெண்களுக்கு வருவது அல்பிகன்ஸ். நூல் நூலாக நீண்டு சதைக்குள் துளைத்துப் போகும், கேண்டிடாலைசின் என்ற நச்சையும் சுரக்கும். அந்த நச்சு வெளிச்சத்துக்கு வந்தது 2016-இல்தான். வீரியத்தில் மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். ஆனாலும் பெரும்பாலும் மருந்துக்கு அடங்கிவிடும். கிளாப்ரேட்டா நேர்மாறு. நூல் விடாது, பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை, ஆனால் ஃப்ளூகோனசோலைப் பாதிதான் மதிக்கும். குருசேய் இயல்பிலேயே அந்த மருந்துக்கு மசியாது. ஆக, எவ்வளவு கொடியது என்பது வேறு கணக்கு, மருந்துக்கு அடங்குமா என்பது வேறு கணக்கு.

ஆன்ட்டிக்குப் பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். கிளாப்ரேட்டா. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 16.8 மில்லிமோல், மிக அதிகம். ஒன்பது மாத்திரையும் வீண். இங்கே நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அது கட்டுக்குள் வராமல் இந்த அரிப்பு மட்டும் போகாது. (கிளாப்ரேட்டாவுக்கு இப்போது நக்காசியோமைசஸ் என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் அப்படி இருந்தால் புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.)

அப்புறம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கேண்டிடா ஆரிஸ். அரிப்போடு வருகிறவர்கள் எல்லாம் "எனக்கு அதுவா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அது ஆஸ்பத்திரியில், அதுவும் ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் கிடப்பவர்களைப் பிடிப்பது. 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து அடையாளம் கண்டார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. நம் தென்னாப்பிரிக்காவில் 2012, 2013-இல் நான்கு நோயாளிகளின் ரத்தத்தில் இருந்தது, 2014-இல் அதைப் பற்றி எழுதினார்கள். 2016, 2017 இரண்டே வருடங்களில், வகை தெரிந்த 5,876 கேண்டிடா ரத்தத் தொற்றுகளில் 794 ஆரிஸ், அதாவது 14 சதவீதம்.

இதில் என்னை யோசிக்க வைப்பது ஊருக்கு ஊர் இருக்கிற வேறுபாடு. தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று தனித்தனிக் கிளைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைதூக்கின. கிழக்காசியக் கிளை பெரும்பாலும் காதோடு நின்றுவிடும், மருந்துக்கும் ஓரளவு அடங்கும். இந்தியாவில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஃப்ளூகோனசோலை அநேகமாக மதிப்பதே இல்லை. அதனால்தான் சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறவர்களிடமும் ஜொகன்னஸ்பர்க் ஆஸ்பத்திரியில் கிடந்து டர்பனுக்கு மாற்றப்படுகிறவர்களிடமும் எங்கே, எத்தனை நாள் இருந்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். மறைக்காமல் சொல்லுங்கள். அந்த இரண்டு வருடக் கணக்கில் ஆரிஸ் வந்தவர்களில் 45 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். மற்ற கேண்டிடா வந்தவர்களில் 43. பெரிய வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் ஏறிவிட்டால் மருந்துக்கு அடங்குகிற காளானும் ஆளைக் கொல்லும்.

ஃப்ளூகோனசோலை ஏன் இவ்வளவு பொத்திப் பாதுகாக்கச் சொல்கிறேன் என்றால், இந்த நாட்டில் அந்த மருந்துக்காகப் போராடியிருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. நோயாளிகள் வாயிலும் தொண்டையிலும் காளான் படர்ந்து எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தார்கள். மருந்து இருந்தது, வாங்கப் பணம் இல்லை. மருந்துக்காகப் போராடிய கிறிஸ்டோபர் மொராகா அப்படித்தான் இறந்தார். அந்த அக்டோபரில் எச்.ஐ.வி. நோயாளிகளின் உரிமைப் போராளி ஸாக்கி அக்மத் தாய்லாந்திலிருந்து மலிவு ஃப்ளூகோனசோலை, காப்புரிமையை மீறி, பகிரங்கமாகக் கொண்டுவந்தார். எச்.ஐ.வி.யோடு வரும் மூளைக்காய்ச்சலுக்கு இன்றும் அது வேண்டும். அதைத்தான் நாம் சூயிங்கம் மாதிரி கைமாற்றிக்கொள்கிறோம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதல் தடவை வந்து, சாதாரண மருந்தில் போய்விட்டால் சரி. திரும்ப வந்தால் ஸ்வாப் எடுக்காமல் மாத்திரை போடாதீர்கள். எடுக்க வருவதற்கு முன் க்ரீம் தடவி வராதீர்கள், காளான் வளராது, ரிப்போர்ட் பொய் சொல்லும். நாற்றம் அடித்தால் பெரும்பாலும் அது கேண்டிடாவே இல்லை. கர்ப்பமாக இருந்தால் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. இதோடு சர்க்கரைக்குக் கிளிக்லசைடு போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு ரத்தம் கசியலாம். டாபக்லிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை தொடங்கிய பிறகு அரிப்பு வந்தால் அதை எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆறு மாதம் வாரம் ஒன்று என்று நாங்களே எழுதுவதும் உண்டு, எந்த வகை என்று தெரிந்த பிறகு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐ.சி.யூ.வில் பாட்டியைப் பார்க்க வருகிறீர்கள், கோயில் திருநீறு கொண்டுவருகிறீர்கள், நெற்றியில் பூசுகிறீர்கள். பூசுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நம்மவர்தானே என்று அதே விரலால் அவர் நெற்றியிலும் பூசுகிறீர்களே, அங்கேதான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆரிஸ் தோலில் மாதக்கணக்கில் இருக்கும், கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் இருக்கும். பூசுவதற்கு முன்பும் பின்பும் வாசலில் இருக்கும் சானிடைசரைக் கை நிறைய எடுத்துத் தேயுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு அவர் வீட்டார் வந்து பூசட்டும்.