நல்லெண்ணெய் ஆர்கானிக்கா என்று எப்படித் தெரியும்?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் சாலையோரமாக ஒரு மரச்செக்கு. மாடு இல்லை, மோட்டார்தான். வாகை மர உரலுக்குள் எள் சுற்றிக்கொண்டிருந்தது. கருப்பட்டியை உடைத்துப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் அதுவரை மாவாகக் கிடந்தது கெட்டிப்பட ஆரம்பித்தது. ஓரத்தில் எண்ணெய் கசிந்து மின்னியது. ஈரமும் வெல்லப் பிசுக்கும் சேர்ந்து எள்ளின் சக்கையை ஒட்டவைக்கின்றன, எண்ணெய் அதிலிருந்து கழன்று வெளியே வருகிறது. கருப்பட்டி போடுவது ருசிக்காக என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

"ஏனுங்கண்ணா, இது ஆர்கானிக்குங்களா?" என்று கேட்டேன்.

"குடுத்தவங்க ஆர்கானிக்குன்னுதானுங்க குடுத்தாங்க. எண்ணெயைப் பாத்துச் சொல்ல எனக்கு என்னங்க தெரியும்?" என்றார்.

தட்டிக்கழிக்கிறார் என்று அப்போது தோன்றியது. அப்புறம் யோசித்தால், உலகத்தின் மிக உயர்ந்த வேதியியல் ஆய்வகத்துக்கு அந்த எண்ணெயைக் கொண்டுபோனாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வரும். ஆய்வகம் நிறையச் சொல்லும். நாம் கேட்ட கேள்வி ஒன்றுக்கு மட்டும் பதில் இருக்காது.

முதலில், அது நல்லெண்ணெய்தானா என்று உறுதியாகச் சொல்லிவிடும். அதற்குப் பெரிய கருவிகூட வேண்டாம். ஒரு சோதனைக் குழாயில் எண்ணெயை எடுத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, ஃபர்ஃப்யூரால் என்ற திரவத்தில் சில துளி விட்டுக் குலுக்கினால், அடியில் தங்கும் அமிலம் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறும். எள்ளுக்கே உரிய செசமால் என்ற பொருள் செய்யும் வேலை இது. பௌடோயின் சோதனை என்று பெயர். இந்த நிறத்தை நம்பி நம் நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது: வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும். நெய்யில் எவராவது வனஸ்பதியைக் கலந்தால் குழாய் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். கலப்படக்காரனின் சரக்கிலேயே முன்கூட்டி மையைத் தடவிவைத்த மாதிரி. உணவுச் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்பதற்கு வாயு நிறப்பகுப்பி என்ற கருவி. எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களை அது தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கணக்கிடும். நல்லெண்ணெயில் ஒலிக் அமிலமும் லினோலிக் அமிலமும் ஏறக்குறைய சரிசமமாக, ஒவ்வொன்றும் 40 சதவீதம் வாக்கில் இருக்கும். தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம். இந்த விகிதம் கலைந்திருந்தால் ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். (பனங்கொட்டை எண்ணெயிலும் லாரிக் அமிலம் பாதியளவு உண்டு. அதனால் தேங்காய் எண்ணெயில் அதைக் கலப்பவனைப் பிடிப்பது கொஞ்சம் சிரமம்.)

செக்கு எண்ணெய் என்று சொல்லி ரீஃபைண்ட் எண்ணெயைக் கலந்தாலும் தடயம் இருக்கும். ரீஃபைண்ட் செய்யும்போது அமில மண்ணைப் போட்டு எண்ணெயை வெளுக்க வைப்பார்கள். அந்தச் சூட்டிலும் அமிலத்திலும் எள்ளில் இயல்பாகவே உள்ள செசமின் என்ற பொருளில் ஒரு பகுதி எபிசெசமின் என்ற வடிவத்துக்குப் புரண்டுவிடும். வெறுமனே ஆட்டி எடுத்த எண்ணெயில் இது உருவாவதில்லை.

இதெல்லாம் தெரிகிறது. சரி, எள் எப்படி விளைந்தது?

பூச்சிமருந்து மிச்சத்தைப் பார்க்கலாமே என்று உடனே தோன்றும். பார்க்கலாம், ஓரளவு பயனும் உண்டு. குளோர்பைரிஃபாஸ் போன்ற மருந்துகள் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் எளிதாகக் கரையும். ஆட்டும்போது அவை புண்ணாக்கோடு போகாமல் எண்ணெயோடு வந்துவிடும். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மிச்சமுள்ள 100 கிலோ எள்ளில் மொத்தம் 1 மில்லிகிராம் மருந்து. அது முழுக்க 45 கிலோ எண்ணெயில் இறங்கினால் கிலோவுக்கு 0.022. அதாவது, எண்ணெயில் செறிவு இரட்டிப்புக்கும் மேல். கிளைஃபோசேட் போன்ற களைக்கொல்லி இதற்கு நேர் எதிர். அது தண்ணீரில் கரையும் சாதி, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெயை மட்டும் சோதித்தால் தெரியவே தெரியாது.

ஆனால் மிச்சம் இல்லை என்பது ஆர்கானிக் என்பதற்கு ஆதாரமாகாது. விதைத்த மறுநாள் தெளித்த களைக்கொல்லி அறுவடைக்குள் சிதைந்து போயிருக்கலாம். ரசாயன உரமோ, மிச்சமே வைக்காது. யூரியாவில் இருந்து வந்த நைட்ரேட்டும் சாணத்தில் இருந்து வந்த நைட்ரேட்டும் வேருக்கு ஒன்றுதான்.

வேருக்கு ஒன்றுதான் என்றாலும், மிக நுட்பமாக எடைபோடும் கருவிக்கு ஒரு சிறு வித்தியாசம் தெரியும். நைட்ரஜன் அணுவில் எடை 14 உள்ளது, 15 உள்ளது என்று இரண்டு ரகம். காற்றில் ஆயிரத்துக்கு நாலுக்கும் குறைவாகத்தான் கனமான ரகம். யூரியா செய்யத் தேவையான நைட்ரஜன் காற்றிலிருந்தே எடுக்கப்படுவதால் அதிலும் ஏறக்குறைய அதே விகிதம். சாணக் குப்பையிலோ, அம்மோனியாவாக மாறி ஆவியாகும்போது லேசான அணுக்கள் முந்திக்கொண்டு பறந்துவிடும், கனமானவை பின்தங்கும். குப்பை எருவில் வளர்ந்த செடி அதனால் ஒரு துளி கனமான நைட்ரஜனைச் சுமந்திருக்கும். அருமையான துப்பு.

எண்ணெய்க்கு மட்டும் அது உதவாது. எண்ணெய் என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் கோத்த சங்கிலி. அதில் நைட்ரஜனே கிடையாது என்று சொல்லிவிடலாம். புரதம், நைட்ரஜன் எல்லாம் புண்ணாக்கில் போய்விட்டன. உங்கள் எண்ணெய் எந்த உரத்தில் விளைந்தது என்ற ரகசியத்தை இந்நேரம் எங்கோ ஒரு மாடு தின்றுகொண்டிருக்கும்.

புண்ணாக்கைப் பிடித்து வந்து சோதித்தாலும் நிம்மதி இல்லை. தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிற விவசாயி இருக்கிறார். இந்தச் செடிகளின் வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா நைட்ரஜனைக் காற்றிலிருந்து நேராக எடுக்கிறது. ஆக, அவர் நிலத்து எள்ளிலும் யூரியா போட்ட எள்ளின் சாயல் வந்துவிடும். யோக்கியமான ஆளைப் பொய்யனாக்கும் சோதனையை வைத்துக்கொண்டு சான்றிதழ் தர முடியாது.

அதனால்தான் அங்ககச் சான்று, அதாவது ஆர்கானிக் சான்றிதழ், என்ற ஏற்பாடு எண்ணெயை விட்டுவிட்டு, எண்ணெய் வந்த வழியைப் பார்க்கிறது. ஏற்றுமதிக்கு நம் நாட்டில் இருப்பது 2001இல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபெடா அதை நடத்துகிறது. தமிழ்நாட்டில் இதற்கான அரசு அமைப்பு கோயம்புத்தூரில் இருக்கிறது. இவை தவிர தனியார் சான்று நிறுவனங்களும் உண்டு. எள் மாதிரி ஒரு பருவப் பயிர் என்றால் விதைப்பதற்கு முன் 2 ஆண்டு, தென்னை மாதிரி நின்று காய்க்கும் மரம் என்றால் அறுவடைக்கு முன் 3 ஆண்டு நிலம் ரசாயனம் படாத மாற்றக் காலத்தில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் விவசாயிக்குச் செலவும் மகசூல் இழப்பும் உண்டு, ஆர்கானிக் விலை மட்டும் கிடையாது. இந்த ஏற்பாட்டின் மிகக் கடினமான பகுதி இது என்று நினைக்கிறேன். நுகர்வோர் கண்ணில் படவே படாத பகுதியும் இதுதான்.

ஆய்வாளர் வயலுக்கு வந்து வரப்பு, பக்கத்து வயலில் இருந்து மருந்து காற்றில் பறந்து வராமல் இருக்க விட்ட இடைவெளி, விதை வாங்கிய ரசீது, களஞ்சியம் எல்லாம் பார்ப்பார். ஆனால் அவருடைய உண்மையான ஆயுதம் கூட்டல் கழித்தல்தான்.

செக்குக்காரர் தன் நோட்டைக் காட்டினார். ஒரு வரி: எள் 20 கிலோ, கருப்பட்டி 1, எண்ணெய் 8.6, புண்ணாக்கு 11.5. உள்ளே போனது 21, வெளியே வந்தது 20.1. மீதி, கசண்டும் சேதாரமும். எள்ளில் எண்ணெய் ஏறக்குறைய பாதி. செக்கில் எள்ளின் எடையில் 40, 45 சதவீதத்துக்குள்தான் எண்ணெய் பிழியும். ஆகவே வரி நம்பும்படி இருக்கிறது. இதையே பெரிதாக்குங்கள். ஒரு குழுவுக்கு 40 ஏக்கர் சான்று பெற்ற எள் வயல். ஏக்கருக்கு நன்றாகவே வந்து 300 கிலோ என்று வைத்தாலும் 12,000 கிலோ எள். அதிலிருந்து சுமார் 5,200 கிலோ எண்ணெய். அவர்கள் 9,000 கிலோ ஆர்கானிக் எண்ணெய் விற்றதாகப் பில் இருந்தால், மீதி 3,800 கிலோ எந்த வயலில் விளைந்தது? எந்த ரசாயனமும் தேவையில்லை, ஒரு பென்சில் போதும்.

இந்தக் கணக்கு ஊர் விட்டு ஊர் போகும்போதும் அறுபடாமல் இருக்கத்தான் பரிவர்த்தனைச் சான்றிதழ். "இந்த நிலம், இந்த ஆலை ஆர்கானிக்" என்று சொல்லும் ஸ்கோப் சான்றிதழ் வேறு. "இந்த 2,000 கிலோ சரக்கு அந்த நிலத்திலிருந்து இவருக்குப் போனது" என்று சொல்லும் பரிவர்த்தனைச் சான்றிதழ் வேறு. அபெடாவின் டிரேஸ்நெட் என்ற இணைய அமைப்பில் இது வங்கிக் கணக்கு போல நடக்கிறது. விளைந்தது வரவு, விற்றது பற்று. கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் முதல் வகை. அது உங்கள் கையில் இருக்கும் பாட்டிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மொத்தமாக எண்ணெய் வாங்கி சோப்பு, தைலம் செய்கிறவர்கள் கேட்க வேண்டியது இரண்டாவதை.

ஓட்டை இல்லையா? இருக்கிறது. சிறு விவசாயிகள் தனித்தனியாகச் சான்றிதழ் கட்டணம் கட்ட முடியாது என்பதால் குழுவாகச் சேர்கிறார்கள். குழுவின் உள் ஆய்வாளர் எல்லா வயலையும் பார்ப்பார். வெளி நிறுவனம் மாதிரிக்குச் சிலரை மட்டும் பார்க்கும். எத்தனை பேர்? வெகுகாலம் வழக்கில் இருந்த கணக்கு வர்க்கமூலம்: 400 பேர் என்றால் 20. அந்த 400இல் 10 பேர் திருட்டுத்தனமாக மருந்தடிப்பதாக வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 20 பேரைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பத்தில் ஒருவர்கூடச் சிக்காமல் போக 60 சதவீதம் வாய்ப்பு. சந்தேகம் உள்ள வயல்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நிலைமை மேம்படும். ஆனாலும் பாரம் முழுக்க உள் ஆய்வாளர் தலையில்தான். அவருக்குச் சம்பளம் தருவது சரக்கு வாங்குகிற நிறுவனம் என்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இந்தியாவின் சான்றளிப்பு முறையைத் தாமே ஏற்றுக்கொண்டிருந்த ஏற்பாட்டை அமெரிக்கர்கள் 2021 ஜனவரியில் முடித்துக்கொண்டார்கள். அங்கே விற்க அவர்களே நேரடியாக அங்கீகரித்த நிறுவனத்தின் சான்று வேண்டும் என்று ஆனது.

நம் ஊர்க் குறை மட்டும் இல்லை இது. 2016 கடைசியில் உக்ரைனிலிருந்து சுமார் 16,000 டன் சோயா துருக்கி வழியாகக் கலிஃபோர்னியாவுக்குக் கப்பலில் போனது. கிளம்பும்போது சாதாரண சோயா. இறங்கும்போது ஆர்கானிக் சோயா. இடையில் மாறியது காகிதம். விலை சுமார் 40 லட்சம் டாலர் ஏறிவிட்டது. ஒரு செய்தித்தாள் தோண்டி எடுத்த பிறகுதான் வெளியே வந்தது.

எள்ளுக்கே ஒரு பெரிய அடி 2020 செப்டம்பரில் விழுந்தது. இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் எச்சரித்தது. சால்மோனெல்லா கிருமியைக் கொல்ல மூட்டைகளுக்குள் செலுத்தும் வாயு அது. ஐரோப்பாவில் அதற்கு அனுமதி இல்லை; எள்ளில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு. சில மூட்டைகளில் ஆயிரம் மடங்குக்கும் மேல் இருந்தது. திரும்பப் பெறப்பட்ட பொருட்களில் ஆர்கானிக் முத்திரை போட்டவையும் இருந்தன. வயலில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கலாம். கெட்டது கிடங்கில் நடந்தால் விவசாயியின் இரண்டு வருடப் பொறுமையும் வீண். அதன் பிறகு வந்திறங்கும் இந்திய எள் சரக்குகளில் பாதியை எல்லையில் நிறுத்திச் சோதிக்க ஐரோப்பிய ஒன்றியம் உத்தரவிட்டது. இங்கே ஆய்வகம் தன் வேலையைச் சரியாகச் செய்தது என்பதையும் சொல்லவேண்டும். "நல்லது நடந்தது" என்று அதனால் நிரூபிக்க முடியாது; "கெட்டது நடந்தது" என்று நிரூபிக்க முடியும்.

உள்நாட்டுக்கு மட்டும் செல்லும் இன்னொரு வழி இருக்கிறது: பங்கேற்பு உத்தரவாத முறை, சுருக்கமாகப் பி.ஜி.எஸ். ஐந்து பேராவது சேர்ந்து குழு அமைத்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்வது. பக்கத்துக் காட்டில் விசைத்தெளிப்பான் ஓடினால் காது கேட்கும் தூரத்தில் இருக்கிறவர்தான் ஆய்வாளர். வருடத்துக்கு ஒருமுறை காரில் வருகிறவருக்கு அந்தக் காது கிடையாது. அதே ஆள் சம்பந்தியாகவும் இருப்பார் என்பது வேறு விஷயம். இரண்டு வழியில் வந்த பொருளையும் கடையில் ஆர்கானிக் என்று விற்கலாம் என்கிறது நம் உணவுச் சட்டம். "இயற்கை", "நாட்டு", "மரச்செக்கு" என்ற சொற்களுக்கு அந்தச் சட்டத்தில் எந்த எடையும் இல்லை. மரச்செக்கு என்பது எண்ணெய் எடுத்த முறை. எள் எப்படி விளைந்தது என்பதோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. பாட்டில் மேல் இரண்டையும் ஒன்றாக்கி அச்சடிக்கிறார்கள்.

நோட்டின் முதல் பத்தியில் தேதி, கடைசிப் பத்தியில் எள் வந்த இடம். சில வரிகளில் விவசாயி பெயரும் ஊரும் இருந்தன. நிறைய வரிகளில் "மண்டி" என்று மட்டும்.

"மண்டின்னா எந்த ஊர் எள்ளுங்கண்ணா?"

"மண்டி எள்ளுதானுங்க" என்றார்.

பெயர் எழுதியிருந்த வரியின் எண்ணெயில் ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டேன்.